விக்கிப்பீடியா பற்றிய கெட்ட செய்திகள்: எவற்றைப் பார்த்து நம்பிக்கையைக் குறைத்துக்கொள்வது?

கேள்வி: முதலாண்டு ஆசிரியை

வணக்கம். கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு ஆய்வுக் கட்டுரை எழுதும் முறையைச் சொல்லித்தருகிறேன். விக்கிப்பீடியாவை அடியோடு தடை செய்ய வேண்டும் என்று எங்கள் துறையில் ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. அதை மேற்கோளாகக் காட்டக் கூடாது என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது, அதில் எனக்கு மறுப்பும் இல்லை. இப்போது கேட்பது அதற்கும் மேல். மாணவர்கள் அதைப் படிக்கவே கூடாது, படித்ததாகத் தெரிந்தால் மதிப்பெண் குறைக்க வேண்டும் என்கிறார்கள்.

இதை முன்மொழிந்த மூத்த பேராசிரியர் பத்திரிகைச் செய்திகளைத் திரட்டி ஒரு கோப்பாக எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார். அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சைகன்தாலர் மீது 2005-இல் கொலைப்பழி சுமத்திய கட்டுரை அதில் இருக்கிறது. 2009-இல் இசையமைப்பாளர் மோரிஸ் ழார் இறந்தபோது பரவிய பொய் மேற்கோள் இருக்கிறது. 2018-இல் இயற்பியல் நோபல் பெற்ற டோனா ஸ்டிரிக்லண்டுக்கு, பரிசு அறிவிக்கும் வரை ஒரு பக்கம்கூட இல்லாமல் இருந்தது. 2022-இல் சீன விக்கிப்பீடியாவில் வெளிப்பட்ட கற்பனை வரலாறு. டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஏஎன்ஐ செய்தி நிறுவனம் தொடுத்த வழக்கு. நன்கொடை தராதீர்கள் என்று ஈலோன் மஸ்க் சொன்னது. எல்லாமே அடுத்தடுத்து, ஒரே எடையில்.

படிக்கும்போது எனக்கு உறுத்திய விஷயம், இவை எல்லாம் ஒரே குற்றச்சாட்டு இல்லை என்பதுதான். ஒருவர் விஷமம் செய்தது ஒன்று. ஒருவருக்குப் பக்கமே இல்லாமல் போனது வேறு. ஒரு பெரும் பணக்காரருக்குப் பிடிக்காமல் போனது இன்னொன்று. ஆனால் கூட்டத்தில் இதைச் சொன்னால், "இருபது வருடமாக இத்தனை செய்தி வருகிறதே, நெருப்பில்லாமல் புகையுமா?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. என்னிடம் சரியான பதில் இல்லை.

உள்ளே இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். இந்தச் செய்திகளில் எவை உண்மையிலேயே நம்பிக்கையைக் குறைத்துக்கொள்ள வேண்டியவை? எவை சத்தம் மட்டும்? மாணவர்களிடம் அதை எப்படி எடுத்துச் சொல்வது?

பதில்: நாளிதழ் மேசை

நான் ஒரு நாளிதழில் துணை ஆசிரியர். பத்திரிகைகள் விக்கிப்பீடியாவை வேண்டுமென்றே பழிக்கின்றன என்று அங்கே எழுதும் தன்னார்வலர்கள் வருத்தப்படுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தச் செய்திகள் வந்திருக்காவிட்டால் அந்தத் தளம் இவ்வளவு தூரம் திருந்தியிருக்காது.

சைகன்தாலரையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ராபர்ட் கென்னடியிடம் உதவியாளராக இருந்தவர். கென்னடியின் இறுதி ஊர்வலத்தில் பெட்டியைச் சுமந்தவர்களில் ஒருவர். கென்னடி சகோதரர்கள் இருவரின் கொலையிலும் தொடர்புடையவராகச் சந்தேகிக்கப்பட்டவர் என்று அவரைப் பற்றியே பெயர் தெரியாத ஒருவர் எழுதினார். 2005 மே மாதம் எழுதியது நான்கு மாதத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. வேறு தளங்களும் அதைப் படியெடுத்துப் போட்டிருந்தன. நவம்பர் 29 அன்று யுஎஸ்ஏ டுடேயில் அவரே ஒரு கட்டுரை எழுதினார். அடுத்த மாதமே ஆங்கில விக்கிப்பீடியாவில் பதிவு செய்யாதவர்கள் புதிய கட்டுரை தொடங்க முடியாதபடி மாற்றினார்கள். வாழும் மனிதர்களைப் பற்றிய கட்டுரைகளுக்கென்று தனி விதியும் அதைத் தொடர்ந்து வந்ததுதான். ஆதாரமில்லாமல் ஒருவரைக் குறைசொல்லும் வரியை யாரையும் கேட்காமல் உடனே நீக்கலாம் என்கிறது அந்த விதி. ஒரு முதியவரின் கோபம் அச்சில் வந்ததால் கிடைத்த பாதுகாப்பு அது.

காசுக்கு எழுதும் விவகாரமும் அப்படித்தான். 2013-இல் விக்கி-பிஆர் என்ற நிறுவனத்தின் வேலை செய்தியாக வெடித்தது. 250-க்கும் மேற்பட்ட பயனர் கணக்குகளை முடக்க வேண்டியிருந்தது. காசு வாங்கி எழுதுபவர் யாருக்காக எழுதுகிறார் என்று வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும் என்ற நிபந்தனை 2014 ஜூனில் வந்தது.

ஆகவே உங்கள் பேராசிரியரின் கோப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் உள்ள ஒவ்வொரு செய்திக்கும் பின்னால் உண்மையில் ஒரு ஓட்டை இருந்தது.

பதில்: பழைய தொகுப்பாளர்

நான் பல ஆண்டுகளாக விக்கிப்பீடியாவில் தொகுப்பவன், அதாவது கட்டுரைகளை எழுதித் திருத்துபவன். மேலே எழுதிய பத்திரிகை நண்பர் சொன்னதில் பெரும்பகுதி சரி. சைகன்தாலருக்கு நடந்தது வெட்கக்கேடு, அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் அவருடைய கடைசி வரியை நான் ஏற்கவில்லை. செய்தி எவ்வளவு பெரிதாக வந்தது என்பதற்கும் சேதம் எவ்வளவு பெரியது என்பதற்கும் தொடர்பே இல்லை என்பதுதான் நான் கண்டது. ஆசிரியை அவர்களே, உங்கள் கோப்பை அப்படிப் பிரித்துப் பாருங்கள்.

ழார் விஷயம் 'விக்கிப்பீடியா மோசடி' என்றுதான் உலகமெல்லாம் பேசப்பட்டது. நடந்தது என்ன? 2009 மார்ச் இறுதியில் அவர் இறந்த செய்தி வந்தவுடன் அயர்லாந்து மாணவர் ஒருவர் அவர் சொன்னதாக ஒரு வாசகத்தைத் தானே இட்டுக்கட்டி, அவருடைய பக்கத்தில் சேர்த்தார். ஆதாரம் இல்லையென்று தன்னார்வலர்கள் அதை நீக்கினார்கள். அவர் மறுபடி சேர்த்தார், மறுபடி நீக்கினார்கள். இதற்கு நடுவில் கிடைத்த நேரத்தில் பிரிட்டன், இந்தியா, ஆஸ்திரேலியா என்று பல நாட்டுப் பத்திரிகைகள் அதை எடுத்து இரங்கல் குறிப்பில் போட்டுவிட்டன. அந்த மாணவரே எழுதிச் சொல்லும் வரை ஒரு பத்திரிகைக்கும் தெரியவில்லை. இங்கே ஆதாரம் எங்கே என்று கேட்டவர்கள் விக்கிப்பீடியாக்காரர்கள்தான்.

அதே ஆண்டு பிப்ரவரியில் நடந்த இன்னொன்று உங்கள் கோப்பில் இல்லை போலிருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஜெர்மனியில் கார்ல்-தியோடர் ட்சூ குட்டன்பெர்க் அமைச்சரானார். பரம்பரைப் பிரபு, ஏற்கெனவே பெயர் மிக நீளம். அதற்கு நடுவில் 'வில்ஹெல்ம்' என்று ஒரு பெயரை யாரோ செருகினார்கள். பில்ட் நாளிதழ் உட்படப் பல ஊடகங்கள் அதை அப்படியே வெளியிட்டன. பக்கத்தில் அந்தப் பெயருக்கு ஆதாரம் கேட்டபோது, ஷ்பீகல் இணையதளத்தில் வந்திருக்கிறதே என்று காட்டினார்கள். பத்திரிகை விக்கிப்பீடியாவிலிருந்து எடுக்கிறது, விக்கிப்பீடியா பத்திரிகையை ஆதாரமாகக் காட்டுகிறது. பொய் இப்படி ஒரு சுற்று வந்துவிட்டால், மேற்கோள் எண்ணோடு மெய் போலவே உட்கார்ந்துவிடும். மாணவர்களுக்கு இதைக் கட்டாயம் காட்டுங்கள். மேற்கோள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. அந்த மேற்கோள் எந்தத் தேதியில் எழுதப்பட்டது, அந்த வரி பக்கத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தது என்று இரண்டையும் ஒப்பிட வேண்டும். 'வரலாறு' என்ற தாவலில் எல்லாம் தேதியோடு இருக்கிறது.

ஸ்டிரிக்லண்ட் விஷயத்தில் கோபப்பட்டவர்கள் கோபப்பட்டது நியாயம். 2018 அக்டோபர் 2 அன்று நோபல் அறிவித்தார்கள். அதற்குச் சில மாதம் முன்பு, மே மாதத்தில், அவரைப் பற்றிய வரைவு ஒன்றைப் போதிய ஆதாரமில்லை என்று தள்ளியிருந்தார்கள். 2013-இல் ஒளியியல் அறிஞர்களின் சங்கமான ஆப்டிகல் சொசைட்டியின் தலைவராக இருந்தவர் அவர், கொஞ்சம் தேடியிருந்தால் கிடைத்திருக்கும். ஆனால் அவரைப் பற்றிப் பத்திரிகைகளும் அதுவரை எழுதியிருந்தால் அந்த வரைவு ஏன் திரும்பப் போகிறது? பிறர் எழுதியதைக் கொண்டுதான் அங்கே எழுத முடியும். ஆங்கில விக்கிப்பீடியாவின் வாழ்க்கை வரலாறுகளில் பெண்களுடையவை இன்றும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். எழுதியிருப்பது பொய் என்பது இங்கே சிக்கல் இல்லை, எழுதப்படாமல் விட்டதுதான் சிக்கல். ஒரு துறையைப் பற்றிப் படிக்கிற மாணவர், இந்தப் பட்டியலில் யார் இல்லை என்றும் கேட்கப் பழக வேண்டும்.

சரி, இனி நம்பிக்கையை உண்மையிலேயே குறைத்துக்கொள்ள வேண்டியவற்றுக்கு வருகிறேன்.

சீன விக்கிப்பீடியா விவகாரம் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்த ஒன்று. ஒரே பயனர், பத்தாண்டு அளவில், இடைக்கால ரஷ்யா பற்றி 200-க்கும் மேற்பட்ட கட்டுரைகளை எழுதியிருந்தார். இல்லாத போர்கள், இல்லாத வெள்ளிச் சுரங்கம், அதில் வேலை செய்த அடிமைகளின் கணக்கு வரை இருந்தது. ரஷ்ய மொழி தெரியாமலேயே ரஷ்ய நூல்களை மேற்கோள் காட்டியிருந்தார். அவரை அங்கே பாராட்டியும் இருக்கிறார்கள். கண்டுபிடித்தவர் நாவலுக்குத் தகவல் தேடிய ஒரு எழுத்தாளர். அந்த மேற்கோள்களைத் திறந்து பார்க்கக்கூடிய ஆள் அந்த மொழியில் அந்தப் பக்கத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான் காரணம். யாரும் சரிபார்க்காத மூலை எல்லா மொழியிலும் உண்டு. ஆங்கிலத்திலேயே, போர்த்துக்கீசியர்களுக்கும் மராத்தியருக்கும் நடந்ததாக ஒரு கற்பனைப் போர், பிச்சோலிம் மோதல் என்ற பெயரில் 2007 முதல் 2012 டிசம்பர் வரை இருந்தது. அதற்கு 'நல்ல கட்டுரை' என்ற தகுதியும் கொடுத்திருந்தார்கள்.

இதைவிடக் கனமானது குரோவேஷிய விக்கிப்பீடியா. கோப்பில் அது இல்லாதது எனக்கு வியப்பில்லை, வெளியே பெரிதாகப் பேசப்படவில்லை. நிர்வாகிகள் என்றால் கணக்கை முடக்கவும் பக்கத்தை நீக்கவும் அதிகாரம் பெற்ற தன்னார்வலர்கள்; அவர்களில் ஒரு சிலர் சேர்ந்து அந்த மொழியின் தளத்தையே கையில் வைத்துக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நாஜிகளின் கூட்டாளியாக இருந்த உஸ்தாசா ஆட்சி நடத்திய யாசெனோவாட்ஸ் வதைமுகாமைப் பற்றிய கட்டுரையில் கொலைகளைச் சிறிதாக்கி, முகாமின் தன்மையையே மாற்றி எழுதியிருந்தார்கள். எதிர்த்துக் கேட்ட பயனர்களை முடக்கினார்கள். 2013-இல் அந்த நாட்டின் கல்வி அமைச்சரே மாணவர்கள் அதை நம்ப வேண்டாம் என்று சொன்னார். அப்புறமும் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை அதைப் பற்றி ஆய்வறிக்கை வெளியிட்டது 2021-இல். ஒரு விஷமியைப் பிடிக்கிற ஏற்பாடு இங்கே நன்றாகவே இருக்கிறது. காவலுக்கு இருப்பவர்களே சேர்ந்துகொண்டால் தடுக்கிற ஏற்பாடு அன்று இல்லை. நம்பிக்கையைப் பற்றிப் பேசும்போது நான் முதலில் சொல்வது இதைத்தான், சைகன்தாலரைக்கூட இதற்கு அடுத்துத்தான் வைப்பேன்.

டெல்லி வழக்கு வேறு வகை. தங்களைப் பற்றிய பக்கத்தில், மத்திய அரசின் பிரசாரக் கருவியாகச் செயல்பட்டதாக விமர்சனம் உண்டு என்று எழுதியிருந்ததற்காக ஏஎன்ஐ 2024 ஜூலையில் 2 கோடி ரூபாய் கேட்டு வழக்குத் தொடுத்தது. தொகுத்தவர்களின் விவரங்களை நீதிமன்றம் கேட்டது. அந்த வழக்கைப் பற்றியே எழுதிய பக்கத்தை அக்டோபரில் நீக்கச் சொன்னார்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த நீக்க உத்தரவை ரத்து செய்தது. அந்தக் கட்டுரை சரியா தவறா என்பதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, எழுதிய ஆளின் அடையாளத்தைக் கேட்டார்கள் என்பதுதான். சம்பளம் இல்லாமல் மாலை நேரத்தில் எழுதுபவர்கள் பயந்து ஒதுங்கினால், செல்வாக்குள்ளவர்களைப் பற்றிய பக்கங்கள் மட்டும் மெல்ல மெல்லப் புகழ்ச்சியாகிவிடும். அது நடந்தால் எந்தப் பத்திரிகையிலும் செய்தியாக வராது.

மஸ்க் சொன்னதைக் கோப்பிலிருந்து எடுத்துவிடலாம். அவர் குறிப்பிட்ட பிழை எதையும் காட்டினால் அந்தப் பிழையைப் பேசலாம்.

மறுமொழி: முதலாண்டு ஆசிரியை

இரண்டு பேருக்கும் நன்றி. இத்தனை விரிவாக எதிர்பார்க்கவில்லை. குரோவேஷிய விவகாரம் எனக்கு முற்றிலும் புதிது.

ஒரு சந்தேகம். விக்கிப்பீடியாவை ஆதரித்துப் பேசுகிறவர்கள் எல்லோரும் நேச்சர் இதழின் ஒப்பீட்டைச் சொல்கிறார்கள். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்துக்குச் சமம் என்று. கூட்டத்தில் நான் அதைக் காட்டலாமா? மக்கள் பிபிசியைவிட அதை நம்புகிறார்கள் என்று ஒரு கருத்துக்கணிப்பும் வந்ததாக நினைவு.

பதில்: பழைய தொகுப்பாளர்

நேச்சரைக் காட்டாதீர்கள் என்பதுதான் என் யோசனை. அது 2005 டிசம்பரில் வந்தது. அறிவியல் தலைப்புகள் மட்டும், 42 கட்டுரைகள். பெரிய பிழைகள் இரண்டிலும் நான்கு நான்கு. சிறு பிழைகள், விடுபட்டவை எல்லாம் சேர்த்தால் விக்கிப்பீடியாவில் 162, பிரிட்டானிக்காவில் 123. சமம் என்று சொல்வதே கொஞ்சம் நீட்டல்தான். பிரிட்டானிக்கா அந்த ஒப்பீட்டு முறையையே மறுத்தது, நேச்சர் பின்வாங்கவில்லை. அன்றைய கட்டுரைகள் இன்று அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிட்டன. அறிவியலில் நன்றாக இருந்ததால் அரசியலிலும் நன்றாக இருக்கும் என்று சொல்லவும் முடியாது. ஆதரித்துப் பேசுகிறவர்கள் இதையே பிடித்துக்கொண்டிருப்பது எனக்கு வருத்தம்.

நீங்கள் சொல்லும் கருத்துக்கணிப்பு 2014-இல் பிரிட்டனில் யூகவ் நடத்தியது. விக்கிப்பீடியாவில் எழுதுபவர்கள் உண்மை சொல்வார்கள் என்று நம்பியவர்கள் 64 சதவீதம், பிபிசி செய்தியாளர்களுக்கு 61. எங்கள் வட்டத்தில் பலர் மகிழ்ந்தார்கள். எனக்குச் சங்கடமாக இருந்தது. 'விக்கிப்பீடியாவில் எழுதுபவர்கள்' என்று ஒரு கூட்டமே கிடையாது. ஒளிச்சேர்க்கை பற்றிய பக்கத்தையும், ஒரு நடுத்தர நிறுவனத்தின் தலைவரைப் பற்றிய பக்கத்தையும் ஒரே ஆட்கள் பார்ப்பதில்லை. முன்னதை நூற்றுக்கணக்கானோர் கவனிப்புப் பட்டியலில் வைத்திருப்பார்கள். பின்னதை அந்தத் தலைவரின் விளம்பர ஆள் மட்டும் வைத்திருக்கலாம். ஆங்கிலத்தில் 'பக்கத் தகவல்' என்ற தொடுப்பை அழுத்தினால் எத்தனை பேர் கவனிக்கிறார்கள் என்று தெரியும். 30 பேருக்குக் குறைவென்றால் எண்ணிக்கையைக் காட்டாது, குறைவு என்று மட்டும் சொல்லும். மாணவர்கள் முதலில் அழுத்த வேண்டியது அது.

பதில்: சிறு பதிப்பகம்

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். காசுக்கு எழுதும் விஷயம் பேசியதால் சொல்கிறேன். எங்கள் பதிப்பகத்தைப் பற்றி ஒரு நண்பர் விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதப் பார்த்தார், ஏற்கப்படவில்லை. சில வாரங்களில் ஒரு மின்னஞ்சல் வந்தது. தாங்கள் விக்கிப்பீடியாவின் மூத்த நிர்வாகிகள் என்றும், பணம் கட்டினால் கட்டுரையைப் போட்டுத்தருவதோடு பிறகு யாரும் நீக்காமல் பார்த்துக்கொள்வதாகவும் எழுதியிருந்தார்கள். நிராகரிக்கப்பட்டது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்பதே எங்களுக்குப் புரியவில்லை. உள்ளே இருப்பவர்கள்தான் என்று நினைத்தோம். அன்றிலிருந்து எங்களில் யாருக்கும் அந்தத் தளத்தின் மீது மதிப்பு இல்லை.

பதில்: பழைய தொகுப்பாளர்

பதிப்பகத்தாருக்கு: பணம் கட்டவில்லை என்று நம்புகிறேன். உள்ளே இருப்பவர் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. நிராகரித்த வரைவுகள் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி பொதுவில்தான் கிடக்கும். அதைப் பார்த்து வலை விரிக்கிறார்கள். 2015-இல் இதே தந்திரம் செய்த ஒரு கும்பலின் 381 கணக்குகளை ஒரே வீச்சில் முடக்கினார்கள், அதற்கு ஆரஞ்ச்மூடி விவகாரம் என்று பெயர். சிறு தொழில் செய்பவர்கள், கலைஞர்கள் என்று உங்களைப் போன்றவர்களைத்தான் குறிவைத்தார்கள். பணம் வாங்கிய பிறகு, மாதாமாதம் கொடுத்தால்தான் கட்டுரை நிலைக்கும் என்றும் கேட்டிருக்கிறார்கள். கட்டுரைக்கு விலை வைக்கும் அதிகாரம் எந்த நிர்வாகிக்கும் இல்லை. அந்த மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருந்தால் அறக்கட்டளைக்கு அனுப்பிவையுங்கள். இப்படி வந்த புகார்களும் அந்தக் கும்பலை அடையாளம் காண உதவின.

உங்கள் மனம் கசந்ததில் தவறே இல்லை. நல்லெண்ணத்தோடு வந்து முட்டிக்கொண்டவர்களுக்கு, ஏன் ஏற்கவில்லை என்று அக்கறையாக ஒரு வரி எழுதும் ஆள் அங்கே குறைவு. அந்த வெற்றிடத்தில்தான் மோசடிக்காரன் வந்து நிற்கிறான்.

பதில்: நாளிதழ் மேசை

குட்டன்பெர்க் விஷயத்தில் நான் பேச ஒன்றும் இல்லை, பத்திரிகைகள் செய்தது பிழை. ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். 2017 பிப்ரவரியில் ஆங்கில விக்கிப்பீடியாக்காரர்கள் பிரிட்டனின் டெய்லி மெயில் நாளிதழைப் பொதுவாக நம்பத்தகாத ஆதாரம் என்று முடிவெடுத்தார்கள். எந்தப் பத்திரிகை நம்பத்தக்கது என்று தீர்ப்புச் சொல்லும் இடமாக அந்தத் தளம் மாறியிருக்கிறது. அப்படி மாறிய பிறகு, பத்திரிகைகள் அதைக் கூர்ந்து பார்ப்பதும் கேள்வி கேட்பதும் நடக்கத்தான் வேண்டும். நீங்கள் குரோவேஷியாவைப் பற்றிச் சொன்னதிலிருந்து எனக்குத் தோன்றுவது, செய்திகள் அதிகமாக வந்தது குறையில்லை, வர வேண்டியவை வரவில்லை என்பதுதான் குறை.

பதில்: பழைய தொகுப்பாளர்

முழுவதும் ஒப்புக்கொள்கிறேன். சிறிய மொழிகளைப் பற்றி எந்த நாட்டுப் பத்திரிகையாளரும் எழுத வருவதில்லை. தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் இருக்கிறது, ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்டுரைகள். அதில் இது தவறு என்று வெளியிலிருந்து யாராவது விரிவாக எழுதினால் நான் வரவேற்பேன்.

ஆசிரியை அவர்களே, தடைக்குப் பதிலாக ஒரு பயிற்சியை முன்மொழியுங்கள். ஒவ்வொரு மாணவரும் தன் தலைப்பில் ஒரு கட்டுரையை எடுக்கட்டும். அதில் ஒரு பத்தியிலுள்ள மேற்கோள்கள் எல்லாவற்றையும் திறந்து, அந்த வரி அந்த நூலில் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்கட்டும். சிலவற்றில் தொடுப்பு செத்திருக்கும், சிலவற்றில் நூல் சொல்வது ஒன்று, பக்கம் சொல்வது வேறாக இருக்கும். கண்டதைக் கட்டுரையின் 'உரையாடல்' பக்கத்தில் எழுதட்டும், தமிழில் என்றால் 'ஆலமரத்தடி' என்ற பொது உரையாடல் பக்கத்திலும் கேட்கலாம், அங்கே பதில் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். எந்த நாளின் பக்கத்தைப் பார்த்தார்கள் என்பதற்கு 'நிலையான தொடுப்பை' எடுத்துத் தங்கள் குறிப்பேட்டில் வைக்கச் சொல்லுங்கள். நாளைக்குப் பக்கம் மாறினாலும் நீங்கள் மதிப்பெண் போடும்போது அதே பழைய வடிவத்தைத் திறந்து பார்க்கலாம்.